புது உயிரினம் என்று எப்படித் தெரிந்தது? அதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் கடைசிப் பக்கத்தில், கடலடியில் வாழும் ஒரு புதிய ஐசோபாட் கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. இந்த மாதிரி விஷயங்களைத் தமிழில் போடுகிறவர்களே குறைவு, அதனால் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் படித்து முடித்ததும் மனசு ஆறவில்லை. தலைப்பில் ‘ராட்சதக் கடல் கரப்பான்’ என்று இருந்தது. எவ்வளவு நீளம், எத்தனை கால், பார்க்க எவ்வளவு பயங்கரம் என்றெல்லாம் இருந்தது. அது இதுவரை யாருக்கும் தெரியாத இனம் என்று யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் செய்தியே அதுதான்.

கடலடிச் சேற்றோடு வரும் சின்னச் சின்ன உயிர்களைப் பிரித்தெடுத்து, எது எந்த இனம் என்று பார்க்கும் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரப்பான் பேச்சை முதலில் முடித்துவிடலாம். ஐசோபாட் பூச்சியே கிடையாது, நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தக்கார உயிர். பூச்சிக்கு ஆறு கால், இதற்குப் பதினான்கு. பூச்சிக்கு ஒரு ஜோடி உணர்கொம்பு, இதற்கு இரண்டு ஜோடி. வயிற்றுக்கு அடியில் இலை இலையாக அடுக்கின மாதிரி ஐந்து ஜோடித் துடுப்புகள் இருக்கும், அதனால்தான் மூச்சும் விடும், நீந்தவும் செய்யும். பெண்ணுக்கு மார்புக்கு அடியில் தட்டுகளால் ஆன ஒரு பை உண்டு, முட்டைகளை அதற்குள் வைத்துக் குஞ்சாகும் வரை சுமக்கும். கிரேக்கத்தில் ஐசோபாட் என்றால் ஒத்த கால் என்று அர்த்தம், ஏழு ஜோடிக் கால்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் வந்த பெயர். இதைப் பார்க்க ஆழ்கடலுக்குப் போகக்கூட வேண்டாம். ஈரமான கல்லைப் புரட்டினால் அடியில் சாம்பல் நிறத்தில் குறுகுறுவென்று ஓடி, தொட்டால் சிலசமயம் பந்தாகச் சுருண்டுகொள்ளுமே, அதுவும் ஐசோபாட்தான், கடலிலிருந்து நிலத்துக்கு ஏறிவந்த கிளை. உலகத்தில் இதுவரை பெயர் வைத்த ஐசோபாட் இனங்கள் 10,000-க்கும் மேல். அதில் ஏறக்குறைய பாதி கடலில் இருக்கின்றன.

வியட்நாம் மீனவர்கள் பெரிய ஐசோபாட்டைக் ‘கடல் பூச்சி’ என்றுதான் தங்கள் மொழியில் கூப்பிடுகிறார்கள், அது அவர்கள் பேச்சுவழக்கு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. செய்தித்தாள் எழுதும்போது அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அருவருப்பை மட்டும் வாசகர் கையில் கொடுத்துவிட்டுப் போவதுதான் எனக்கு வருத்தம். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அதைப் படித்திருந்தால், முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருக்கும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புது இனம் ஒன்று வலையில் சிக்கும் நாளும், அது புது இனம் என்று தெரியவரும் நாளும் ஒன்றில்லை. இரண்டுக்கும் நடுவே வருஷக்கணக்கில் இடைவெளி இருக்கும். 2012இல் வந்த ஒரு ஆய்வில், புதிதாகப் பெயர் வைக்கப்பட்ட சில நூறு இனங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மாதிரியும், அதாவது ஆய்வுக்கென்று எடுத்துவைத்த உடம்பும், முதலில் எப்போது சேகரிக்கப்பட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தார்கள். சராசரியாக 21 வருஷம். அத்தனை காலம் அந்த உயிர் சாராயக் குப்பியிலோ இழுப்பறையிலோ பெயரில்லாமல் காத்திருந்திருக்கிறது. அதனால் ‘வலையில் சிக்கிய புதிய உயிரினம்’ என்று எழுதும்போது கதையின் முதல் அரை நிமிஷத்தை மட்டும்தான் சொல்கிறோம்.

ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். 2017இல் மெக்சிகோ வளைகுடாவில், யுகட்டான் தீபகற்பத்துக்கு அப்பால், 600 முதல் 800 மீட்டர் ஆழத்தில் ஒரு பெரிய ஐசோபாட் பிடிபட்டது. ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் நீளம். அது ஜப்பானில் உள்ள எனோஷிமா மீன்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வளைகுடாவில் ராட்சத ஐசோபாட் என்றால் பாத்தினோமஸ் ஜைகாண்டியஸ் என்று 1879இலேயே பெயர் வைத்தாகிவிட்டது. அமெரிக்க விஞ்ஞானி அலெக்சாண்டர் அகாசி கடலடியிலிருந்து எடுத்துவந்த ஒரு இளம் ஆணைப் பார்த்து, பிரான்சின் விலங்கியலாளர் அல்ஃபோன்ஸ் மில்ன் எட்வர்ட்ஸ் வைத்த பெயர் அது. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலாக ஆயிரத்துக்கும் அதிகமான மாதிரிகளைப் பார்த்திருக்கிறார்கள், அதே பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். காரணம் என்னவென்றால், பாத்தினோமஸ் என்ற இந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கின சொந்தக்கார இனங்களின் கூட்டத்தில், இனத்தைப் பிரிக்க எல்லோரும் முதலில் பார்ப்பது வால்தட்டின் விளிம்பில் இருக்கும் முட்களைத்தான். எண்ணிக்கை ஒத்துப்போனால் பெயரை எழுதிவிட்டு அடுத்த குப்பிக்குப் போய்விடுவோம். எனோஷிமாவுக்கு வந்ததற்கும் முட்களின் எண்ணிக்கை அதேதான். ஆனால் அதைக் கையில் வைத்துப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு உடம்பு சற்று ஒல்லியாகத் தெரிந்தது, கால்கள் மெலிந்திருந்தன, உணர்கொம்பு நீளமாக இருந்தது, நிறம்கூட வெளிறின மஞ்சளாக இருந்தது. அப்புறம் மரபணுவைப் படித்தார்கள், அதுவும் வேறாக வந்தது. 2022இல் பாத்தினோமஸ் யுகட்டானென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். பிடிபட்டது 2017, கண்டுபிடிக்கப்பட்டது 2022. எத்தனையோ பேர் கடந்துபோன ஒன்றை ஒரு சிலர் நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

2025 ஜனவரியில் வெளியான பாத்தினோமஸ் வேடரி கதையும் இப்படித்தான். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் டார்த் வேடர் என்ற வில்லனின் தலைக்கவசம் மாதிரி அதன் தலை இருக்கிறது என்பதால் வைத்த பெயர், உலகம் முழுக்க அந்த ஒரு விஷயத்தைத்தான் எல்லாப் பத்திரிகையும் போட்டது. அதற்குப் பின்னால் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். வியட்நாமின் குவி நோன் நகரில் 2022இல் மீனவர்களிடமிருந்து சில பெரிய ஐசோபாட்களை ஹனோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வாங்கினார்கள். அதில் சிலவற்றை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் பக்கம் பிடிபடுவதில் பெரும்பாலானவை பாத்தினோமஸ் ஜேம்சி, 2017இல் பெயர் வைக்கப்பட்ட இனம். அதே கூட்டத்தில் இன்னொன்றும் கலந்திருக்கிறது என்பது, உட்கார்ந்து ஒவ்வொரு உறுப்பாக ஒப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். இவ்வளவு பெரிய உயிரே பக்கத்து இனத்தோடு கலந்து கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது என்றால், அரிசியைவிடச் சின்னதாக இருப்பவற்றின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

ஏனென்றால் கடலடி ஐசோபாட்களில் ராட்சத வகை ரொம்பக் கொஞ்சம். ஆழத்தில் நாம் எடுப்பவற்றில் பெரும்பாலானவை சில மில்லிமீட்டர்தான். பலவற்றுக்குக் கண்ணே கிடையாது. சிலவற்றின் கால்கள் உடம்பைவிடப் பல மடங்கு நீளம், அந்தக் கால்களில் ஒன்றாவது முழுசாக மேலே வந்து சேர்ந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள். கிலோமீட்டர்கணக்கான ஆழத்திலிருந்து சேற்றோடு சேர்ந்து இழுபட்டு, சல்லடையில் அலசுப்பட்டு வரும்போது கால்கள் ஒடிந்துவிடும். குப்பியின் அடியில் யாருடைய கால் என்றே தெரியாமல் ஒரு கைப்பிடி கிடக்கும்.

வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்லட்டுமா? குப்பியைத் திறந்தால் சாராய நெடி மூக்கில் ஏறும். உள்ளே பென்சிலால் எழுதின ஒரு துண்டுக் காகிதம் மிதக்கும், எந்த இடம், எந்த ஆழம், எந்தத் தேதி என்று. பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும் என்பதால் பென்சில்தான். அந்தக் காகிதம் தொலைந்துவிட்டால் உள்ளே இருக்கும் உயிருக்குப் பாதி மதிப்புப் போய்விடும், அதனால் மாதிரியைத் தொடும் முன் அதைத்தான் முதலில் பத்திரப்படுத்துவோம். அப்புறம் கண்ணாடித் தட்டில் ஊற்றி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, முதுகுப் பக்கம், வயிற்றுப் பக்கம், பக்கவாட்டு என்று மூன்றையும் பார்ப்போம். வால்தட்டின் முட்களை எண்ணுவோம். அழுக்கு ஒட்டிக்கொண்டு முள் மாதிரித் தெரியும், முள் ஒடிந்து வெறும் குழி மட்டும் இருக்கும், குழியையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒருமுறை எண்ணினால் போதாது. நான் மூன்று தடவை எண்ணுவேன், அதில் ஒரு தடவை அடுத்த நாள் காலையில்.

அதற்கு மேல்தான் நிஜமான வேலை. கடிகாரம் பழுதுபார்க்கிறவர்கள் வைத்திருப்பது மாதிரி ரொம்ப மெல்லிய இடுக்கியால், உடம்பின் ஒரு பக்கத்து உறுப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். மறுபக்கத்தைத் தொடவே கூடாது, நாளைக்கு இன்னொருவர் வந்து நான் சொன்னது சரியா என்று பார்க்க அது அப்படியே இருக்க வேண்டும். இரண்டு உணர்கொம்பு, வாயில் அடுக்கடுக்காக இருக்கும் தாடைகள், ஏழு கால், ஐந்து துடுப்பு, வாலோரக் கிளை. எல்லாவற்றையும் தனித்தனிக் கண்ணாடிச் சில்லில் கிளிசரின் சொட்டில் பரப்பி, எந்தக் கணுவில் எத்தனை நுண்மயிர், அது இறகு மாதிரியா, முள் மாதிரியா, நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று பார்த்து வரைய வேண்டும். படம் எடுத்தால் போதாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். படம் எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் காட்டும். வரையும்போதுதான் கை ஒவ்வொரு மயிரிலும் நின்று போகும், கண் விட்டதைக் கை பிடிக்கும். ஒரு வாயுறுப்பை ஒழுங்காக வரைய எனக்கு ஒரு முழு நாள் ஆகும். ஆணாக இருந்தால் இரண்டாவது துடுப்பில் குச்சி மாதிரி ஒரு உறுப்பு இருக்கும், பல குடும்பங்களில் அந்தக் குச்சியின் நுனி எப்படி வளைந்திருக்கிறது என்பதுதான் இரண்டு இனங்களைப் பிரிக்கும். கையில் இருப்பது பெண் மட்டும் என்றால் அந்த வழியும் அடைபட்டுப்போகும்.

ஏமாறுவதற்கு வழிகள் நிறைய. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், ஒருநாள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, ‘சார், இதற்குப் பன்னிரண்டு கால்தான் இருக்கிறது, புதுக் குடும்பமாக இருக்குமோ?’ என்று கேட்டாள். கடைசிக் காலுக்கான மார்புக் கணு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருந்தது, ரொம்பக் குட்டையாக, கால் இல்லாமல். அது குட்டி. ஐசோபாட் குட்டி தாயின் பையை விட்டு வெளியே வரும்போது ஏழாவது ஜோடிக் கால் முளைத்திருக்காது, அப்புறம்தான் வளரும். அந்தப் பருவத்துக்கு மான்கா என்று பெயர். அவள் முகம் வாடிப்போனது, ஆனால் அவள் செய்தது சரியான காரியம், எண்ணினாளே. எண்ணாமல் பெயர் எழுதுகிறவர்கள்தான் எனக்குக் கவலை.

இன்னொன்று, ஐசோபாட் தோலை ஒரே மூச்சில் உரிக்காது. முதலில் பின்பாதி உரியும், கொஞ்சம் கழித்து முன்பாதி. நடுவில் பிடிபட்டதென்றால் முன்னே ஒரு நிறம், பின்னே ஒரு நிறம், அகலம்கூட வேறுபடும். தெரியாதவர் பார்த்தால் இப்படி ஒரு உயிர் இதற்குமுன் இருந்ததே இல்லை என்றுதான் சொல்வார். நேத்தியிடே என்று ஒரு குடும்பம் உண்டு, அதில் குட்டிகள் மீன் மேல் ஒட்டி ரத்தம் குடிக்கும், வளர்ந்த ஆணுக்குப் பெரிய கொடுக்கு மாதிரித் தாடை, பெண் வேறு உருவம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் இவற்றை வெவ்வேறு பேரினங்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வீட்டு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வேறு வேறு குலப்பெயர் வைத்த மாதிரி.

எனக்கும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. கடலடியில் செத்து விழுவதைத் தின்று வாழும் வகையைச் சேர்ந்த, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஐசோபாட் ஒன்று கைக்கு வந்தது. இனங்களைப் பிரித்தறிய வைத்திருக்கும் எந்த அட்டவணையைப் போட்டுப் பார்த்தாலும் எந்தப் பெயரிலும் போய் நிற்கவில்லை. பக்கத்தில் வரும் ஒரே இனம் நூறு வருஷத்துக்கு முன் எழுதப்பட்டது, விவரிப்பு ஒரு பத்தி, கூடவே ஒரு படம். படத்தில் வால்தட்டு வட்டமாக முடிந்தது, என்னுடையது கூராக முடிந்தது. இரண்டு மாசம் வரைந்தேன். பெயர்கூட மனசில் வைத்துவிட்டேன். கடைசியில், அந்தப் பழைய இனத்தின் மூல மாதிரியை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு எழுதி, வால்தட்டைப் பல கோணங்களில் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டேன். வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அதன் நுனி ஒடிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் வரைந்தவர் ஒடிந்த இடத்தை வட்டமாகச் சேர்த்து வரைந்திருக்கிறார். மற்ற எல்லாமும் என்னுடையதோடு மயிருக்கு மயிர் பொருந்தியது. புது இனம் கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் ரொம்ப வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் படத்தைக் கேட்காமல் நான் பெயரை வெளியிட்டிருந்தால் ஒரே உயிருக்கு இரண்டு பெயர் நின்றிருக்கும், அதைக் கண்டுபிடித்துத் திருத்த இன்னொருவர் தன் வாழ்க்கையில் சில மாசங்களைச் செலவழித்திருப்பார்.

மூல மாதிரி என்று சொன்னேனே, அதைப் பற்றி உங்கள் செய்திகளில் நான் பார்த்ததே இல்லை. ஒரு விலங்குக்குப் புதுப் பெயர் வைக்கிறவர், இந்தப் பெயர் இந்த உடம்புக்குத்தான் என்று ஒரு மாதிரியைக் குறித்துக் காட்ட வேண்டும், அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றும் எழுத வேண்டும். விலங்குகளுக்குப் பெயர் வைப்பதற்கென்று சர்வதேச விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது, அதன் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அது சொல்லும் கட்டாயம் இது. அப்படிக் குறித்துக் காட்டின உடம்பை ஹோலோடைப் என்போம். அந்த உடம்பு இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம், நூறு வருஷம் கழித்து நான் பார்த்த மாதிரி. மேற்குப் பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் கிடைத்த பாத்தினோமஸ் மாதிரிகளை 2006இல் இரண்டு பேர் உட்கார்ந்து திரும்பப் புரட்டிப் பார்த்தபோது ஒன்றுக்குப் பல புதிய இனங்கள் வெளியே வந்தன. குப்பிகளை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் அது நடந்தது.

இப்போதெல்லாம் மரபணு இருக்கிறதே, ஒரு துண்டு வெட்டி இயந்திரத்தில் போட்டால் பெயர் வந்துவிடாதா என்றும் கேட்பார்கள். உதவும், ரொம்பவே உதவும், யுகட்டான் இனத்தில் பார்த்தோமே. சிஓஐ என்ற மரபணுவில் ஏறக்குறைய 650 எழுத்துகளைப் படித்து, ஏற்கெனவே சேமித்து வைத்தவற்றோடு ஒப்பிடுவார்கள். ஆனால் ஒப்பிட எதிரே ஏதாவது இருக்க வேண்டுமே. நூறு வருஷத்துக்கு முன் பெயர் வைத்த இனங்களில் எத்தனையோ இன்னும் மரபணு படிக்கப்படாமலே இருக்கின்றன. பழைய மாதிரிகளில் பல ஃபார்மலினில் ஊறியவை, ஃபார்மலின் மரபணுவைச் சிதைத்துவிடும். அதனால் இயந்திரம் ‘எதோடும் பொருந்தவில்லை’ என்று சொன்னால் புது இனம் என்று அர்த்தமாகாது, பழைய இனம் ஒன்று பட்டியலில் ஏறாமல் இருக்கிறது என்றும் இருக்கலாம். கடைசியில் திரும்பவும் இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்காரத்தான் வேண்டும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், கடலடியில் என்ன இருக்கிறது என்பதே நமக்கு இன்னும் பாதிகூடத் தெரியாது. 2002 முதல் 2005 வரை அண்டார்க்டிகாவைச் சுற்றிய ஆழ்கடலில், ஏறக்குறைய 770 மீட்டரிலிருந்து 6,300 மீட்டர் வரை, ஆண்டீப் என்ற பயணங்களில் மாதிரி எடுத்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஆங்கெலிகா பிராண்ட் தலைமையில் அதன் முடிவுகள் 2007இல் வந்தன. கிடைத்த ஐசோபாட் இனங்கள் 674. அதில் 585 அறிவியலுக்கே புதியவை. ஐசோபாட்டில் மட்டும் இந்தக் கணக்கு. ஒரு சல்லடைச் சேறு மேலே வந்தால் அதில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை என்று அர்த்தம். நான் மேலே சொன்ன முறையில் ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில், மாசக்கணக்கில் வேலை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு, அவர்களில் பலர் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள்.

அப்புறம் பசிபிக்கில் ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே கிளாரியன் கிளிப்பர்டன் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அங்கே கடலடியில் உருளைக்கிழங்கு மாதிரி உலோக முடிச்சுகள் பரந்து கிடக்கின்றன, மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் எல்லாம் உள்ளே. அதை அள்ளி எடுக்கப் பலரும் காத்திருக்கிறார்கள். 2023இல் அங்கே சேகரித்ததையெல்லாம் தொகுத்துக் கணக்குப் போட்டவர்கள், அங்கிருந்து எடுத்தவற்றில் ஏறக்குறைய 5,578 விலங்கினங்கள் இருக்கலாம் என்றும் அதில் பத்தில் ஒன்பதுக்கு இன்னும் அறிவியல் பெயரே இல்லை என்றும் சொன்னார்கள். முடிச்சுகளை அள்ளும் இயந்திரம் அந்தத் தரையில் போனால் என்னென்ன அழியும் என்று கேட்டால், பெயர் இல்லாததை எந்தப் பட்டியலில் எழுதுவது? ஒரு இனம் வேறெங்காவதும் இருக்கிறதா, அந்த ஒரு இடத்தில் மட்டும்தானா என்று தெரிய வேண்டுமானால், இங்கே கிடைத்ததும் அங்கே கிடைத்ததும் ஒன்றா இரண்டா என்று யாராவது கால் காலாக ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாமல் ‘பாதிப்பு இருக்காது’ என்று எழுதினாலும், ‘எல்லாம் அழிந்துவிடும்’ என்று எழுதினாலும் இரண்டும் ஊகம்தான்.

உங்கள் செய்தியில் நீளத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள், பெரிய உருவம் என்றால் எல்லோருக்கும் ஆசைதான், எனக்கும் உண்டு. ஜாவாவின் தெற்குக் கடலில் 2018 பயணத்தில் கிடைத்து 2020இல் பெயர் பெற்ற ஒன்றுக்கு பாத்தினோமஸ் ராக்சசா என்றே பெயர், இந்தோனேசிய மொழியில் ராட்சதம் என்று அர்த்தம், நம் காதுக்கும் விளங்கும் பெயர். ஒரு அடிக்கும் மேல் நீளம். ஜப்பானில் டோபா மீன்காட்சியகத்தில் இருந்த ஒரு ஜைகாண்டியஸ் 2009 ஜனவரியிலிருந்து 2014 பிப்ரவரியில் செத்துப்போகும் வரை, ஐந்து வருஷத்துக்கும் மேலாக ஒன்றுமே தின்னாமல் இருந்தது. இதையெல்லாம் கேட்டால் யாருக்குத்தான் ஆச்சரியம் வராது. அந்த ஆச்சரியத்தை வைத்துக்கொண்டே அடுத்த கேள்விக்கு வாசகரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் சொல்கிறேன். இதன் பக்கத்துச் சொந்தம் எது, அதிலிருந்து எந்த உறுப்பில் மாறுகிறது, எத்தனை மாதிரிகளைப் பார்த்துச் சொன்னார்கள், ஆணும் பெண்ணும் கிடைத்ததா என்று கேட்டால் நிருபருக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம் ஆகலாம். பெயர் வைத்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள், அவர்களிடம் இதையெல்லாம் யாரும் கேட்பதே இல்லை. ‘வால்தட்டில் பதினொரு முள், கால்கள் மெலிவு’ என்று ஒரு வரி போட்டால் வாசகருக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். கிரிக்கெட்டில் பந்து எந்தப் பக்கம் திரும்பியது என்று பத்தி பத்தியாகப் படிக்கிறவர்கள் இதையும் படிப்பார்கள்.

உங்கள் பெட்டிச் செய்தியில் வந்த ஐசோபாட்டுக்கும் ஹோலோடைப் ஒன்று எங்கேயோ ஒரு குப்பியில் இருக்கும், அதற்கு ஒரு எண்ணும் இருக்கும். அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வரும்போது, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையும், எதை வைத்து அதைப் புதுசு என்று சொன்னார்கள் என்பதையும் இரண்டு வரியில் சேர்த்துப் போடுங்கள். தலைப்பில் கரப்பானை எடுத்துவிட்டு ஐசோபாட் என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்